கவிதா மேடமும் பறக்கும் ரோபோவும்

கவிதா மேடம் இறந்துவிட்டார் என்று துறை உதவியாளர் வாசலில் வந்து சொன்னபோது நான் மோட்டார் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து போனார்கள்.

முன்பு எங்கள் துறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கல்லூரி ரோபோ போட்டியில், தரையிலிருக்கும் நூல் சுற்றிய கோனை எடுத்து ரேக்கில் வைக்க வேண்டும். எல்லாரும் சக்கரம் வைத்து ஓட்ட, பறந்துபோயும் வைக்கலாம் என்றவர் அவர் ஒருவர்தான். பறப்பதற்கே பேட்டரி தீர்ந்துவிடும், கோனை எப்போது தூக்குவது என்று கேட்பேன். "ஏனுங்க சார், எந்த நிட்டிங் கம்பெனியிலீங்க தரையில நடக்க எடமிருக்குது? மேலதானுங்க காலியாக் கெடக்குது" என்பார். அந்த ஊத்துக்குளிக்காரரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

கடைசியில் நிர்வாகம் அவருடைய குழுவுக்கு மட்டும் அனுமதி தந்தது. பறந்து காட்டினால் இனிமேலும் உண்டு, இல்லாவிட்டால் சக்கரம் மட்டும் என்று விதியை மாற்றக் கூட்டம் போடுவார்கள். எடையைக் குறைக்க, நீட்டிக்கொண்டிருந்த திருகாணி முனைகளைக்கூட மேடம் அறுத்தெடுத்தார். ஒத்திகையில் அது கோனைத் தூக்கிக்கொண்டு பறந்ததை நானே பார்த்தேன். அது ஜெயிக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் ஆசை வந்துவிட்டது.

போட்டியன்று மாணவிகள் அதற்குப் பூஜை போட்டார்கள். நம் ஊரில் எந்த மெஷினை அது இல்லாமல் ஓட்டியிருக்கிறோம்? நான்கு மோட்டாருக்கும் தாராளமாகச் சந்தனம் வைத்தார்கள். ஒன்றுக்குள் அது இறங்கிக் காய்ந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. ரோபோ இடுப்பளவு எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, கோன்களின் மேலேயே விழுந்தது. மறுவாய்ப்பு விதியில் இல்லை. நடுவராக உட்கார்ந்திருந்த நான் பூஜ்யம் போடுவதைத் தவிர எதுவும் செய்ய முடியவில்லை. மேடம் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே, தேம்பிய மாணவியிடம், "அழுவாத கண்ணு, நல்லது நெனச்சுத்தான வெச்சே" என்றார். அந்த நிதானம் எனக்கு வராது.

சில மாதங்களில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கோவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது ஆள் பாதியாகியிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் கேட்டது என்னால் வாங்கித் தரக்கூடியது இல்லை.

"விதிய மாத்தீட்டாங்களா சார்?"

இன்னும் கூட்டம் போடவில்லை என்றேன்.

"நீங்க எந்தப் பக்கமுங்க?"

"உங்க பக்கந்தான் மேடம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா, நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தாரா, தெரியவில்லை. நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அந்தக் கூட்டம் வருகிற திங்கட்கிழமை. மற்றவர்கள் எல்லாரும் சக்கரத்தின் பக்கம். நான் ஒருவன் கை தூக்குவதால் எதுவும் மாறப்போவதில்லை. கவிதா மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சண்டைதான். தோற்பேன் என்று தெரிந்தும் அதை விட மனம் வரவில்லை.