அசனத்துக்கு வந்த பிக்கு

ஆண்டவர் என்னைப் படைக்கும்போது பொறுமையை மட்டும் வைக்க மறந்துவிட்டார் என்பாள் என் மனைவி. தூத்துக்குடித் துறைமுகத்தில் எனக்குக் கப்பல் ஏஜென்சி வேலை. கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று கடிகாரத்தைப் பார்த்தே முப்பது வருடம் ஓடிவிட்டது. இதில் பொறுமை எங்கிருந்து வரும்?

இளவயதில் மூன்று வருடம் எங்கள் கம்பெனியின் கொழும்பு ஆபீசில் இருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு சிங்கள நண்பர், தமிழ் நன்றாகப் பேசுவார். எனக்கு மஞ்சள்காமாலை வந்து அறையில் சுருண்டு கிடந்தபோது இருபது நாள் அவர்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டிவிட்டார். நான் ஊர் திரும்பிய மறு வருடம் அவர் வேலையை விட்டு, தலையை மழித்துப் பிக்குவாகிவிட்டார். ஏன் என்று கேட்டு எழுதினேன். நேரில் சொல்கிறேன் என்று பதில் வந்தது. அந்த 'நேரில்' வர இருபத்தைந்து வருடம் ஆயிற்று.

போன ஆகஸ்டில் ஃபோன் செய்தார். புத்த கயாவுக்குப் போகும் வழியில் மதுரையில் இறங்குகிறாராம். ஞாயிறு காலை முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடிப்பாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கஞ்சிக்கு ஈடாக ஒருவேளைச் சோறாவது என் கையால் போட்டுவிட வேண்டும். அன்றைக்கென்று பார்த்து எங்கள் சர்ச்சில் அசனம் வேறு! சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் அண்டா அண்டாவாக வேகும். அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள்.

பத்தரை மணிக்கு வந்து இறங்கினார். காவி, கக்கத்தில் ஒரு பாத்திரம், அதே சிரிப்பு. கட்டிப்பிடிக்கப் போனவன் காவியைப் பார்த்ததும் கும்பிட்டபடி நின்றுவிட்டேன்.

"என்ன மச்சான், என்னை மறந்து போச்சா?" என்றார்.

"ஒரு மணிக்குள்ள பந்தி போட்டுருவாங்க. நம்ம அசனச் சோத்த இன்னைக்கு ஒரு பிடி பிடிக்கணும்," என்றேன் பெருமையாக.

"அப்ப எனக்கு இல்ல," என்றார். உச்சிப்பொழுது தாண்டினால் மறுநாள் விடியும்வரை பிக்குகள் சாப்பிட மாட்டார்கள். கொழும்பில் மூன்று வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியாமல் போயிற்றே!

"ஏங்க, ஹோட்டல்ல வாங்கிட்டு வரச் சொல்லட்டா?" என்றாள் மனைவி. எனக்கு வந்ததே கோபம். "இருபது நாள் கஞ்சி ஊட்டுனவருக்குப் பொட்டலச் சோறா போடுவாக?" என்று பாய்ந்துவிட்டு, அவரைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன்.

உள்ளே ஐயர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இஸ்ரவேல் ஜனங்களை எகிப்திலிருந்து கிளப்பியிருந்தார். பதினொன்றே முக்காலாகியும் அவர்கள் செங்கடலைத் தாண்டவில்லை. நான் எழுந்து பின்பக்கம் சமையல் பந்தலுக்கு ஓடினேன்.

"ஏலே, ஒரே ஒரு அகப்பை சோறு தாலே," என்றேன் சமையல்காரனிடம்.

"ஐயர் வந்து ஜெபம் பண்ணாம அண்டாவத் தொறந்தா ஊரு என்னைய சும்மா வுடுமா அண்ணாச்சி?"

"வந்தவரு பட்டினி கெடந்தா கர்த்தர் மட்டும் சும்மா வுடுவாராலே?" கத்திவிட்டேன். பந்தலே திரும்பிப் பார்த்தது.

பின்னாலேயே வந்த பிக்கு என் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். "பசி எனக்கு, வலி உனக்கா? புத்தர் சொன்ன நாலு உண்மை ஞாபகமிருக்கா?"

"பள்ளிக்கூடத்துல நாலு மார்க் கேள்வி," என்று ஒப்பித்தேன். "துன்பம் உண்டு. அதுக்குக் காரணம் ஆசை. ஆசை போனா துன்பம் போகும். போறதுக்கு எட்டு வழி. நல்ல பார்வை, நல்ல எண்ணம், நல்ல பேச்சு..."

"நல்ல பேச்சா? இப்ப அந்த ஆள்கிட்ட பேசினதா?" என்று சிரித்தார். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். அரண்மனையை விட்டு வெளியே வந்த இளவரசர் ஒரு கிழவரைப் பார்த்தார், ஒரு நோயாளியைப் பார்த்தார், ஒரு பிணத்தைப் பார்த்தார், பிறகு ஒரு துறவியைப் பார்த்தார். அதற்குப் பின் அவருக்கு வீடு தங்கவில்லை. காட்டில் எலும்பு தெரியப் பட்டினி கிடந்தார். சுகபோகத்திலும் இல்லை, பட்டினியிலும் இல்லை, வழி நடுவில்தான் இருக்கிறது என்று தெளிந்து, ஒரு பெண் கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டார். அதன் பிறகுதான் போதி மரத்தடியில் ஞானம். "அந்த இடத்துக்குத்தான் போறேன்," என்றார்.

"பாரும், அவருக்கே சோறு கெடச்சிருக்கு!" என்றேன் எரிச்சலோடு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். பன்னிரண்டு ஐந்துக்கு ஐயர் வந்து அண்டாக்களுக்கு முன்னால் ஜெபித்து ஆமென் சொன்னார்.

"போச்சு," என்றேன்.

"எங்க போச்சு?" பிக்கு கொடிக்கம்பத்தைக் காட்டினார். நிழல் இன்னும் மேற்கே சாய்ந்திருந்தது. "எங்களுக்குச் சூரியன்தான் கணக்கு, கடிகாரம் இல்ல. இந்த மாசம் இங்க பன்னிரண்டே காலுக்கு மேலதான் உச்சி. கொண்டா சோத்தை."

"மொதல்லயே சொன்னா என்னவாம்?"

"நீ எங்க கேட்ட? ஓடிட்ட."

சமையல்காரன் முதல் அகப்பையை அவர் பாத்திரத்தில்தான் போட்டான். "இது எனக்காக அறுத்த ஆடா?" என்று கேட்டார். "உமக்கு மட்டுமா? ஊருக்கே அறுத்தது," என்றேன். அப்படியென்றால் சரியாம். அவரே எடுத்துச் சாப்பிடக் கூடாது, ஒருவர் கையால் கொடுக்க வேண்டுமாம். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இப்பவாவது சொல்லும். ஏன் பிக்கு ஆனீரு?"

பாத்திரத்தைக் கழுவியபடி சொன்னார். "புத்தர் அந்த நோயாளியை வழியில பார்த்தார். நான் பக்கத்து மேசையில பார்த்தேன். கஞ்சி குடுத்தா உன் வயிறு நிறைஞ்சுது, துன்பம் போகேல்ல. அதுக்கு மருந்து தேடித்தான் போனேன்."

 இத்தனை வருடமாக, வாங்கிக்கொண்டவன் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே!

இலை போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன், "கேட்டியா, என்னையப் பாத்துத்தான் இவரு சாமியாராப் போயிருக்காரு!"

அவள் நிமிரக்கூட இல்லை. "உங்ககூட இருபது நாள் இருந்தா யாருக்கும் அதுதான தோணும்," என்றாள்.