சூடு பத்தலை என்று சொன்னவன்

முகத்துக்கு நேரே புகழ்கிறவனை நம்பாதே, குறை சொல்கிறவனை நம்பு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அந்தப் புத்திமதியைக் கேட்டுத்தான் நான் மூன்று வருஷம் ஒரு கேஸ் உலையைக் கட்டினேன், இடித்தேன், மறுபடியும் கட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஷூவின் மேல்தோலை மடித்துத் தைப்பதற்கு முன்னால் ஓரத்தைக் கத்தியால் மெலிதாகச் சீவ வேண்டும். அந்தக் கத்திகள் மெட்ராஸிலிருந்து வரும். வந்ததில் பாதி ஒரு வாரம்கூடக் கூர் நிற்காது. பழைய அரத்தைக் காய்ச்சி நானே அடித்துத் தருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"செஞ்சு கொண்டா. அவரு ஓகே சொன்னா மொத்தமும் உங்கிட்டயே எடுத்துக்கறோம்" என்றார்.

மொத்தமும் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போடலாம். எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது.

அவர் சொன்ன 'அவரு' என் சிநேகிதன். சீவுகிற பிரிவில் அவன்தான் முதல் கை. என் பெண்ணின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தையும் அவனே. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கத்தி வந்தால் முதல் கை சரி என்று சொல்லும்வரை வேறு யாரும் அதை எடுக்க மாட்டார்கள். ஒருவன் பழகிய கத்தியையும் இன்னொருவன் தொட மாட்டான். அவனவன் கத்தி முழுக்கத் தோல் வாரைச் சுற்றி, முனையில் இரண்டு விரல் அகலம் மட்டும் வெளியே விட்டிருப்பான். அதைக் கொடு, பார்க்கிறேன் என்று கேட்பது அடுத்தவன் தட்டில் கை வைப்பது மாதிரி.

கரி உலை போட்டால் புகைக்குத் தெருவே சண்டைக்கு வரும். அதனால் கேஸ். எழுதிப் போட்டு நாலு வருஷம் காத்திருந்து வாங்கிய கனெக்‌ஷன். வீட்டுக்கு வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டிக்குப் போவதற்குள் சமையலை முடிக்க வேண்டியவள். "ஒரு மாசம் குடு, போதும்" என்று கேட்டேன். அவள் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

முதல் உலை ஒரு பெயின்ட் டப்பா. உள்ளே களிமண் பூச்சு, பக்கத்தில் ஓட்டை போட்டு அரை அங்குலப் பைப்பில் ஒரு பர்னர், அதற்குள் பம்ப் ஸ்டவ்வின் நிப்பிள். தீ அடிக்கடி பின்வாங்கிப் பைப்புக்குள்ளேயே 'டப்'பென்று வெடிக்கும். ஆனாலும் இரும்பு சிவந்தது. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடானதும், தோலுக்குப் போடும் மீன் எண்ணெயில் முக்கி எடுத்தேன். மூன்று கத்திகள். என் அடையாளமாகக் காம்புப் பக்கம் சிலுவை மாதிரி இரண்டு கோடு அராவினேன். அடுத்த முறையிலிருந்து அந்தக் கோடு போடவில்லை. நல்ல கத்தி வரட்டும், அப்புறம் போடலாம் என்று இருந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கும்போதே, அவன் இரண்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"சூடு பத்தல மச்சான். ரெண்டு ஜோடி சீவறதுக்குள்ள மழுங்கிப் போவுது. ஒன்னு உடைஞ்சே போச்சு, குப்பைல போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்வதா? சிநேகிதன் என்றும் பார்க்காமல் உள்ளதைச் சொல்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு முட்டாள் நான்.

சூடு வெளியே போகாமல் இருக்க பாய்லர் பைப்பில் சுற்றும் கண்ணாடிப் பஞ்சை வாங்கி உள்ளே வைத்தேன். அது வெல்லப்பாகாக உருகி வழிந்தது. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடைந்த ஃபயர் பிரிக்கை அடுக்கிக் கட்டினேன். இன்னொரு பர்னர் சேர்த்தேன். இரண்டும் எரிந்தால் சிலிண்டர் சில்லிட்டுப் பனி பூத்துப் பிரஷர் இறங்கிவிடும். அதைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினேன். கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் பெரிய ரெகுலேட்டர் வாங்கி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக மூன்று கத்தி கொடுப்பேன். அவன் ஒரு தடவை சூடு ஜாஸ்தி என்பான், மறு தடவை கம்மி என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் உலை உறுமுவதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

மூன்றாவது வருஷம் சூப்பர்வைசர் பொறுமை இழந்து ஆர்டரை மெட்ராஸ்காரனுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டுத் தேற்றியது அவன்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தவன் பேப்பரில் சுற்றிய தன் கத்தியை என்னிடம் நீட்டினான். தேய்ந்து பாதிதான் மிச்சம்.

"இதே மாதிரி ஒன்னு அடிச்சுக் குடு மச்சான். மெட்ராஸ் கத்தி எதுவும் கைக்கு வரல."

அளவெடுக்கத் தோல் வாரைப் பிரித்தேன். "பிரிக்காத, அப்டியே பாரு" என்றான். அதற்குள் பிரித்துவிட்டேன். காம்புப் பக்கம் இரண்டு கோடு.

"இது குப்பைல போனது இல்ல?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "மூணு வருசமா இதுலதான் சீவறேன். இந்த மாதிரி கத்தி நான் புடிச்சதே இல்ல."

"அப்ப ஏன்டா அப்டி சொன்ன?"

"எல்லார் கைலயும் இது வந்துட்டா அங்க நான் யாருபா? நேத்து சேந்தவன்கூட என்ன மாதிரி சீவுவான்."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவன் நான் அடித்த கத்தியாலேயே அறுத்திருந்தான். அடித்திருப்பேன். அதற்குள் என் பெண் ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னேன். போய்விட்டான்.

உள்ளே மனைவி ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினவனே இப்படிச் செய்தானே என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

"அப்ப மொத கத்தியே நல்லாத்தான் இருந்துதா?"

"ஆமா."

"அவரு உங்கள ஏமாத்திட்டாரு. சரி. எங்கிட்ட ஒரு மாசம்னு சொன்னது யாரு?"

நான் கொல்லைப்பக்கம் போய் உலையிலிருந்து சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கயே வெச்சிருங்க" என்றாள். "எனக்கு இதுவே பழகிப் போச்சு."