மூணு வருஷ வாரண்டி

என் அக்கா ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஆல்பம் செய்து கொடுப்பவள். மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பாள், பெண்ணின் கருவளையத்தைத் துடைப்பாள், முறைத்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவைச் சத்தமில்லாமல் படத்தை விட்டே தூக்கிவிடுவாள். தன் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "கண்ணு எரியுது, விடுங்க" என்று ஹெட்போனை மாட்டிக்கொள்வாள்.

பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறக்கவே முக்கி முனகியதால் புதுசு வாங்க வேண்டியதாயிற்று. அப்பா பஸ் டிரைவர். பெரிய கம்பெனி பேர் இல்லாத எதையும் நம்ப மாட்டார். "கம்பெனி மெஷின்னா மூணு வருஷம் வாரண்டி. வீட்டுக்கே ஆள் வருவான்." அக்காவோ, தன் வேலைக்குத் தோதாக அசெம்பிள் செய்ததுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு: "ஒரே ஒரு தடவை மக்கர் பண்ணட்டும், அன்னைக்கே வித்துட்டு கம்பெனி மெஷின்."

அசெம்பிள் செய்ய வந்தவர் அதிகம் பேசாத மனுஷன். நான் வைத்த பேர் ஒல்லியார். பகல் முழுக்க ஹாலில் தரையில் உட்கார்ந்து மாட்டினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தாள். "இது மெமரி. ரெண்டு பக்கமும் கிளிப் இருக்கு, அழுத்தினாத்தான் வரும். தானா கழலாது" என்று அவர் சொல்ல, ஏதோ ரகசியம் கேட்பதுபோல் தலையாட்டினாள். எனக்கு அப்போதே பொறி தட்டியது.

அந்த மனுஷன் செய்த ஒரே தப்பு, வேலையை ஒழுங்காகச் செய்ததுதான். மாதக்கணக்கில் ஒரு கோளாறு கிடையாது. அப்பாவே கம்பெனிப் பேச்சை விட்டுவிட்டார். அக்காதான் வாடினாள், சித்தப்பாக்களையெல்லாம் படத்திலேயே விட்டுவைத்தாள்.

"போன் பண்ணுக்கா" என்றேன்.

"என்னன்னு சொல்லிப் பண்றது? நல்லா ஓடுதுன்னா?" என்று எரிந்து விழுந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மெஷின் செத்துக் கிடந்தது. அப்பா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். "அவர் ஒரு தடவை பார்த்துடட்டும்பா" என்றாள் அக்கா.

ஒல்லியார் அரக்கப்பரக்க வந்து மெஷினைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மெமரி இருந்த இடம் காலி. பெட்டியின் அடியில் பூப்போட்ட கைக்குட்டை ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது, அதற்குள் மெமரி. தூசு படக்கூடாதாம் என் அக்காவுக்கு. கள்ளத்தனத்திலும் அப்படி ஒரு சுத்தம். நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, என்ன ஆச்சு?" என்றார் வாசலில் நின்ற அப்பா.

உண்மையைச் சொன்னால் ஒல்லியார் பேர் தப்பிக்கும், அக்கா மானம் போகும். அவர் கைக்குட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் தப்புதான் சார். சரியா மாட்டாம விட்டுட்டேன். இனிமே வாராவாரம் வந்து பார்த்துடறேன்."

"வாராவாரமா?" அப்பா அசந்துபோனார். "மூணு வருஷத்துக்கும் வருவியா?"

ஒல்லியார் காது சிவக்க அக்காவைப் பார்த்தார்.

"மூணு வருஷமெல்லாம் பத்தாதுப்பா" என்றாள் அக்கா.

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.