சித்தி வாசலை மறித்த நாள்

எனக்குப் பத்து வயதில் கணக்கு வரவில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சார் தன் வீட்டிலேயே டியூஷன் எடுத்தார். என் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் போனார்கள். கணக்கின் மேல் எனக்கு ஒன்றும் ஆசையில்லை. அவர் வீட்டில் கேரம் போர்டு இருந்தது.

முதல் நாள் நான் கிளம்பும்போது சித்தி வாசலை மறித்து நின்றாள். அம்மாவின் தங்கை, எங்களோடு வளர்ந்தவள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அதிர்ந்து பேசமாட்டாள்.

"பாப்பா அங்க போவாது."

"இன்னாடி ஆச்சு உனுக்கு? நீயும் அங்கதானே படிச்ச?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் சொல்றேன்."

அம்மா அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியிலிருந்து கதவை உதைத்தேன். திறந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த அப்பா, போன் போனதும் துருப் படிந்த சட்டையோடு வந்தார்.

"அஞ்சு வருஷம் ஆயிப்போச்சே. இப்ப சொன்னா கேஸ் நிக்குமா?"

"நிக்குதோ இல்லியோ, நான் சொல்லணும் மாமா."

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். அப்பா அதே கேள்வியை அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டரிடமும் கேட்டார்.

"கொழந்தைக்கு நடந்த இந்தக் குத்தத்துக்குக் கெடு கெடையாதுங்க. எப்ப வந்தாலும் எழுதித்தான் ஆவணும்," என்றார் அவர். பிறகு சித்தியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பன்னெண்டு வயசுல ஏன் சொல்லலன்னு நான் கேக்க மாட்டேன். நீ மெதுவா சொல்லும்மா."

எவ்வளவு நாள் உள்ளே போடுவார்கள் என்று அம்மா கேட்டாள். பாடம் சொல்லிக்கொடுக்கிறவனே செய்தது நிரூபணமானால் ஐந்து வருடத்துக்குக் குறையாது என்றார். அவர் எழுத எழுத, கதவை உதைத்ததற்காக என் மேல்தான் புகார் எழுதுகிறார்கள் என்று நினைத்து நான் அழுதேன்.

அந்த வாரம் முழுக்க சித்தியோடு நான் பேசவில்லை. "உன்னாலதான் என்கூட வெளாட யாருமே இல்ல," என்று ஒரே ஒரு தடவை கத்தினேன். அவள் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அவளுக்குப் பின் இன்னும் இரண்டு பெண்கள் முன்வந்தார்கள். வழக்கு இழுத்து இழுத்து முடிந்து அவனுக்கு ஐந்து வருடம் கிடைத்தது. அன்று சித்திக்கு இருந்த வயதை இப்போது நான் தாண்டிவிட்டேன். தனக்காக ஐந்து வருடம் சொல்ல முடியாததை, நான் கிளம்பிவிட்டேன் என்றதும் அவள் சொல்லிவிட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.