முப்பதாவது பெயர்

ஆலங்குடிப் பக்கத்து ஊர்களில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இலவசப் பயிற்சியில் சேர்த்துவிடுவது என் வேலை. மூன்று மாதப் பயிற்சி, முடிந்ததும் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலை, தங்க ஹாஸ்டல். பிள்ளைகளைச் சம்மதிக்க வைப்பது பெரிய காரியமே இல்லை, அம்மாக்கள்தான் பாடாய்ப் படுத்துவார்கள். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கே போய் நிற்பேன். "ஓசூரு என்ன சீமையிலயா இருக்கு? பஸ் ஏறுனா விடியக்காலம் வீட்டு வாசல்ல நிப்பா" என்று வாய் வலிக்கப் பேசுவேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று ஆபீஸிலேயே சொல்வார்கள்.

ஒரு பேட்ச் தொடங்க முப்பது பேர் வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் தொடங்க மாட்டார்கள். அந்த முறை கடைசி நாளில் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து, மகளின் ஃபாரத்தைத் திருப்பிக் கேட்டார்.

"அவ இல்லாம எனக்குச் சோறு எறங்காதுங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "நீங்க சோறு திங்கிறதுக்காக அவ வீட்டுலயே கெடக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மிச்சம் இருபத்தொன்பது பிள்ளைகளையும் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. எங்கள் வேலையில் ஆள் குறைந்தால் சிலர் செய்வதைத்தான் நானும் செய்தேன், வீட்டு ஆளின் பெயரைப் போட்டேன். என் மகள் டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருஷமாகச் சும்மாதான் இருந்தாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துவிட்ட நான் அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

"சும்மா பேருக்குத்தான். பத்து நாள் போய் உக்காந்துட்டு வந்துரு" என்றேன்.

அவள் மூன்று மாதமும் போனாள். இன்டர்வியூவில் முதலில் தேர்வானதும் அவள்தான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மற்ற அம்மாக்கள் அழ, நான்தான் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பும்போது என் மகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

போன முதல் வாரமே போன் பண்ணினாள். "புடிக்கலம்மா, வந்துரவா?" என்றாள். எந்தப் பிள்ளை கேட்டாலும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். "ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, சரியாப் போயிரும்." அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று காத்திருப்பேன். ஷிஃப்ட், ரூம்மேட், இட்லி கல்லாட்டம் இருக்கு என்று ஏதேதோ பேசிவிட்டு வைத்துவிடுவாள்.

தனி ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் கைப்பழக்கம் வரவில்லை. மாவு அரைத்தால் பாதி புளித்துக் கொட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. அந்தக் குன்றாண்டார்கோவில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அவர் நம்பர் ஃபாரத்தோடு போய்விட்டது.

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆனவர்களிடம் போனில் கேட்டு எழுதச் சொல்லி ஆபீஸில் ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டுக் கடைசியாக என் மகளைக் கூப்பிட்டேன். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, தங்குமிடம் பாதுகாப்பா என்று தாளைப் பார்த்தே கேட்டேன். சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"வேலையில் தொடர விருப்பமா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மாவாக் கேக்குறியா, ஆபீஸாக் கேக்குறியா?"

"ஆபீஸ்தான் கேக்குது" என்றேன்.

"அப்ப, விருப்பம்னு எழுதிக்கம்மா."

எழுதிக்கொண்டேன். அவள் நல்லதுக்காகத்தான் ஆபீஸ் கேட்பதாகச் சொன்னேன் என்று மூன்று நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நிஜம் அதுவல்ல. அம்மாவாகக் கேட்டு, அதற்கும் அவள் அதே பதிலைச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.