இரண்டு வைத்தியருக்குப் பங்கிட்ட நோவு

உருவும் ஒப்பும் அற்றவனே, உள்ளங்கள் மறைப்பவற்றை எல்லாம் அறிபவனே, உன் திருநாமத்தை முன்வைத்தே எழுதுகோல் எடுக்கிறேன். உன் தூதர் மீதும் அவர்தம் கிளையார் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

இன்று றஜப் மாதத்து வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து அமர்ந்திருக்கிறேன். இந்நாளிலேனும் அதை உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நோன்பு மாதம். கல்முனைக்குடியில் என் வீட்டுக்கு அடுத்த வளவில் என் மூத்த சகோதரியான ராத்தா வாழ்ந்தார். அவர் கணவரான மச்சான் மௌத்தாகி அடக்கமான பின் உணவில் மனம் செல்லாமல் எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தார். வலத் தொடையின் உட்புறத்தில் தொடங்கி முழங்கால்வரை இறங்கும் நோவொன்று சில மாதங்களாக அவருக்கு வந்து வந்து போனது. தொடையைச் சொல்ல நாணி, மாவடிப்பள்ளி நாட்டு வைத்தியரான பரிசாரியிடம் முழங்காலை மட்டுமே சொன்னார். அவர் வாதம் என்று எண்ணெய் கொடுத்தார்.

“பரிசாரிட எண்ணெயில பாதியக் கறிக்கு ஊத்தியிருந்தா நாக்குக்காவது ருசி கெடச்சிருக்கும் தம்பி,” என்று ராத்தா சிரிப்பார்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் அவருக்கு வாந்தி கண்டது. வயிறு ஊதியது; மலமும் காற்றும் நின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் என் கையைப் பற்றிக்கொண்டார்.

“டொக்டரிட்ட வயித்த மட்டும் கதை. கால் நோவக் கதைக்காத. அது பரிசாரிக்கிட்டக் குடுத்த நோவு. தொடையக் காட்டச் சொன்னா நான் என்ன செய்வன்?”

“ஓம் ராத்தா,” என்றேன். ஒரு வைத்தியரிடம் ஒப்படைத்த நோவை, அவர் மருந்து முடியுமுன் மற்றொருவரிடம் பேசுவது எங்கள் வீடுகளில் வழக்கமுமில்லை.

டொக்டர் காட்டிய எக்ஸ்ரேயில் சிறுகுடல் வீங்கிக் கிடந்தது.

“குடல் அடைபட்டிருக்கு காக்கா. ஏனெண்டுதான் விளங்கல்ல. முன்னம் வயித்தில ஒப்பரேஷன் செய்ததா?”

“இல்ல டொக்டர்.”

“கட்டி ஒண்டும் தெரியல்ல. வேற எங்கயாவது நோவு இருக்கா?”

“இல்ல டொக்டர்.”

மூக்கில் குழாயும் கையில் சேலைனுமாக இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் காலை, விரிப்பை மாற்றிய கிறிஸ்தவத் தாதியான மிஸ்ஸி ராத்தாவின் காலை நீட்டிவிட்டார். ராத்தா அலறினார்.

“என்னம்மா, வயித்து வருத்தக்காரிக்குக் கால்ல என்ன?”

பெண்ணிடம் பெண்ணாக ராத்தா தொடை நோவையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் ஓடிவந்து அந்தக் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“இடுப்பெலும்பில ஒரு சின்னத் துளை இருக்கு காக்கா. நல்லா மெலிஞ்ச வயசான பொம்புளையளுக்கு எப்பயாவது அதுக்குள்ள குடல் போய்ச் சிக்கும். வெளியில கட்டி தெரியாது. நரம்பு நெரிபட்டுத் தொடையில நோகும். அந்த நோவுதான் எங்களுக்கு அடையாளம். நான் உங்களிட்டக் கேட்டனே?”

ஒப்பரேஷனுக்கான தாளில் கையொப்பமிட்டேன்.

வயிற்றைத் திறந்தபோது சிக்கிய குடல் கறுத்துப்போயிருந்தது. அதை வெட்டி இணைத்தார்கள். ஆயினும் நஞ்சு உடலெங்கும் பரவிவிட்டிருந்தது. பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்க ராத்தா மௌத்தானார்.

மையித்தைக் குளிப்பாட்டிவிட்டு வந்த என் மனைவி கைகளை முகர்ந்து பார்த்தாள்.

“மதினிட முழங்காலில எண்ணெய்ப் பிசுக்கு. எவ்வளவு தேச்சும் முழுசாப் போகல்ல.”

றஹ்மானே, என் ராத்தாவின் கப்றுக் குழியை ஒளியாக்குவாயாக. என் நாவு சொன்ன ‘இல்லை’யைப் பொறுத்தருள்வாயாக. இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் உடல்நலத்தையும், நோவை மறையாது சொல்லும் துணிவையும் நிறைவாக வழங்குவாயாக. ஆமீன்.