நாற்பதாம் நம்பர்

காது, மூக்கு, தொண்டைக்கென்றே கட்டிய ஆஸ்பத்திரி அது. காது கேட்கவில்லை என்று வருகிறவர்களை அங்கே பத்தொன்பது வருடமாகக் கத்தித்தான் கூப்பிட்டார்கள். கத்தியது ஒரே ஆள், டோக்கன் கவுண்டர் அம்மா. வெண்கலக் குரல் என்பதால் பெயரே வெண்கலம் என்றாகிவிட்டது. அவர் "பன்னெண்டு!" என்றால் பன்னிரண்டாம் நம்பர் எழுந்திருப்பார், பயத்தில் பதிமூன்றும் கூடவே எழுந்திருப்பார்.

போன வருடம் வெண்கலத்தில் கீறல் விழுந்தது. தலைமை டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"இனிமே கத்தக் கூடாதும்மா. மைக் வெச்சும் கூடாது. நாள் பூரா பேசறதே கூடாது. துணி ரூமுக்கு மாத்திடறேன், அங்க யாரும் பேச மாட்டாங்க."

துணி ரூம் என்பது கட்டில் விரிப்புகளை எண்ணி மடித்து அடுக்கும் அறை. ஜன்னல்கூட இல்லை. நாளொன்றுக்கு நூறு முகம் பார்த்தவருக்கு இனி நூறு தலையணை உறை.

அவர் இடத்துக்கு ஒரு மெஷின் வாங்கப் பேச்சு நடந்தது. விற்க வந்தவர் டை கட்டிக்கொண்டு செய்து காட்டினார். மெஷின் ஒரு நம்பரை ஒரே தடவை தேன் குரலில் கூப்பிட்டது. ஆள் வரவில்லையென்றால் டோக்கன் ரத்து. வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூப்பிட்டு வராதவர்களைப் பற்றி அந்த ஊரிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான். பத்துப் பேர் வரவில்லையென்றால் நாலு பேர் பாத்ரூமில், மூன்று பேர் போனில், இரண்டு பேருக்குக் கேட்கவில்லை, ஒருவருக்கு ஊசி பயம். வேண்டாமென்று போனவர் ஒருவருமில்லை.

அதனால் அவர் வழி வேறு. மூன்று தடவை கூப்பிடுவார். வராவிட்டால் அடுத்த மூன்று பேரை உள்ளே அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிடுவார். மூன்று பேர் பார்த்துவிட்டு வரும் நேரத்தில் எந்த பாத்ரூமிலிருந்தும் மனிதன் திரும்பிவிடலாம். இதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லையா? இல்லை. ஆகவே நாற்பத்தேழு வயதில் தெருக்கோடி கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

முதல் புரோகிராமில் ஒரு லூப் எழுதினார்: ஆள் வராத வரைக்கும் கூப்பிடு. நம்பர்களைத் தன் குரலிலேயே, தொண்டை நோகாமல், ஒன்று முதல் அறுபது வரை பதிந்து வைத்திருந்தார். வகுப்பு டீச்சர் வராத நோயாளியாக நடித்து மூலையில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் "அஞ்சு, அஞ்சு, அஞ்சு" என்று ஆரம்பித்தது. டீச்சர் பிடிவாதக்காரி, எழுந்திருக்கவில்லை. கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் வந்து, "அஞ்சாம் நம்பர் யாருங்க? தயவு செஞ்சு போய்த் தொலைங்க!" என்று கும்பிட்டார்.

வீட்டில் சொன்னதும், கார் ஓட்டச் சொல்லித்தருகிற கணவர் சிரித்தார்.

"வண்டியைக் கிளப்பத் தெரியுது, பிரேக் எங்கன்னு தெரியல. என்கிட்ட வர்ற எல்லாரும் இப்படித்தான்."

"சிரிங்க சிரிங்க. அன்னிக்கு உங்களை மூணு தடவைதான் கூப்பிட்டேன். வரலேன்னதும் சாப்பாட்டை மூடி வெச்சேன்ல? பிரேக் எனக்கும் தெரியுங்க."

மறுநாள் மூன்றுக்கு மேல் கூப்பிடாதபடி ஓர் இஃப், அதாவது ஒரு நிபந்தனை, போட்டார். வராவிட்டால் மூன்று பேருக்குப் பிறகு கூப்பிடு என்று இன்னொன்று.

தலைமை டாக்டர் சோதனைக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தார். "ஓடினா நீங்க கவுண்டர்லயே இருங்க, இதைப் பாத்துக்கிட்டு. ஓடலேன்னா திங்கக்கிழமை துணி ரூம்." எதற்கும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும் அலுவலகம் துணி ரூம் சாவியை மட்டும் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டது.

சனிக்கிழமை எல்லாம் வெண்ணெயாய் நடந்தது. ஒன்பதாம் நம்பர் பாத்ரூமிலிருந்து ஈரக் கையோடு வந்தார். இருபத்திரண்டாம் நம்பர் போனை அணைத்துவிட்டு வந்தார். மொத்தம் நாற்பத்திரண்டு டோக்கன். நாற்பதாம் நம்பர், காது மந்தமான ஒரு பெயிண்டர், டீ குடிக்கப் போயிருந்தார். மூன்று தடவை கூப்பிட்டது, ஒதுக்கிவைத்தது. நாற்பத்தொன்று போனார், நாற்பத்திரண்டு போனார். பெயிண்டர் வந்து நம்பர் காட்டும் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

பலகையில் "சற்றுப் பொறுக்கவும்."

பொறுத்தார். ஹாலில் அவர் ஒருவர்தான். உள்ளே தலைமை டாக்டரும் சும்மா. நடுவில் மெஷின் மட்டும் மும்முரமாக எதற்கோ காத்திருந்தது. இருபது நிமிடம் ஆனது. வெண்கலத்துக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பழக்க தோஷத்தில் "நாப்பது!" என்று கத்தப்போனார். காற்றுதான் வந்தது.

டாக்டர் வெளியே வந்தார். "என்னம்மா ஆச்சு?"

மின்சாரத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். பெரிய ஆபீஸ்களில் அதுதான் மரபு. அவர் போடவில்லை.

"என் தப்பு சார். மூணு பேர் போனப்புறம் இவரைக் கூப்பிடுன்னு எழுதிட்டேன். ரெண்டு பேர்தான் பாக்கி இருந்தாங்க. மூணாவது ஆளுக்காக நிக்குது."

"மூணாவது ஆள் எப்ப வருவாரு?"

"திங்கக்கிழமை சார்."

பெயிண்டருக்குத் திங்கக்கிழமை மட்டும் தெளிவாகக் கேட்டது. "அதுவரைக்கும் நான் இங்கயே உக்காரணுமா? சோறு போடுவீங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயிண்டர் விடவில்லை. "ஆனா ஒண்ணு டாக்டர். வேற ஆஸ்பத்திரில ஒரு தடவை பாத்ரூம் போனேன், நம்பரே போச்சு. மறுநாள் லீவு போட்டு மறுபடி வந்தேன். இது பைத்தியக்கார மெஷினா இருக்கலாம், என்னை மறக்கலையே!"

டாக்டர் பலகையைப் பார்த்தார். அது இன்னும் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு வரி சார்."

"இவர் காதைப் பாத்துட்டு வர்றேன். அதுக்குள்ள முடிங்க."

வெண்கலம் 'இல்லையென்றால்' என்று ஓர் எல்ஸ் போட்டார். மூன்று பேர் இல்லையென்றால் இருப்பவர்கள் போனதும் கூப்பிடு. ஒருவருமே இல்லையென்றால் இரண்டு நிமிடம் கழித்துக் கூப்பிடு. சாதாரண மரியாதைதான். மெஷினுக்கு அதையும் எழுதித்தர வேண்டியிருக்கிறது.

டாக்டர் வந்து நாற்பத்து மூன்றாம் டோக்கனைத் தானே எடுத்துக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தார். மெஷின் மூன்று தடவை கூப்பிட்டது. டாக்டர் அசையவில்லை. நோயாளியாக இருப்பதில் இவ்வளவு அதிகாரம் உண்டென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சரியாக இரண்டு நிமிடத்தில், கீறல் விழுந்தாலும் வெண்கலம் வெண்கலம்தான் என்கிற குரலில், "நாப்பத்தி மூணு" என்றது.

"வந்துட்டேம்மா," என்று எழுந்து வந்தார் டாக்டர். "அந்தத் துணி ரூம் சாவியைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

அடுத்த வாரம் பெயிண்டர் மறுபடி வந்தார், ஆறாம் நம்பர். மெஷினைச் சோதிப்பதற்கென்றே டீக்கடைக்குப் போனார். "ஆறு" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டது.

"கேக்குது, கேக்குது! வர்றேன்!" என்று தெருவிலிருந்து பதில் வந்தது.